இந்திராணிக்கு ஒரு ஸ்கோப்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. பெயர் ஜோதிலிங்கம். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். என் பிரிவில் ஒரு ஃபைல் தாமதமானால் நான் போடும் சத்தம் கீழ் மாடி கேன்டீன் வரைக்கும் கேட்கும். ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை, என் மனைவி இந்திராணியின் கதை. எல்லார் வீட்டிலும் மிக்ஸி, கிரைண்டர், கூலர் இருக்கிறது. எங்கள் ஜனக்புரி வீட்டில் மட்டும் இவற்றோடு ஒரு ஆசிலோஸ்கோப்பும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

இந்திராணிக்கு ஐம்பத்தொரு வயது. அருப்புக்கோட்டைக்காரி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்து படித்து, பரீட்சை எழுதி, இருபத்திரண்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு டெல்லிக்கு ரயிலேறியவள். அன்று முதல் இன்று வரை வேறொரு அமைச்சகத்தில் ஸ்டெனோகிராஃபர். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதுவாள். ஆபீசர் நடுவில் இருமினால் அந்த இருமலுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருப்பாள் என்று அவள் அலுவலகத்தில் கேலி செய்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். ‘நான் எப்ப அப்படிச் சொன்னேன்?’ என்று அவளிடம் கேட்க முடியாது. தேதியோடு சொல்லிவிடுவாள்.

எங்கள் கார் ஒரு சின்ன வெள்ளை வண்டி, பதின்மூன்று வயது. வாங்கிய புதிதில் நான்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுத் தருவதாகச் சொன்னேன். இரண்டு நாள் கற்றுத் தந்தேன். மூன்றாம் நாள் நான் போட்ட சத்தத்தில் அவள் நடு ரோட்டில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, நேரே திலக் நகரில் இருந்த டிரைவிங் ஸ்கூலுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். ஒரே மாதத்தில் லைசென்ஸ் வந்தது. அதற்குப் பிறகு வண்டி அவளுடையதாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட நான் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

அவள் மெக்கானிக் ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு கராஜில் வண்டியை விட்டிருந்தோம். மெக்கானிக் பேச்செல்லாம் என்னிடம்தான். “சார், மேடத்துகிட்ட சொல்லுங்க, க்ளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டக் கூடாதுன்னு” என்று ஹிந்தியில் சொன்னான். மேடம் அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். க்ளட்ச் மேல் காலை வைத்து ஓட்டுகிறவன் நான் என்பது வேறு விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய புடவை ஒன்றை வாசல் வேப்பமரத்தடியில் விரித்து, போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்தாள். ஏர் ஃபில்டரில் ஆரம்பித்தது, ஸ்பார்க் பிளக், ஆயில், பிரேக் பேட் என்று வளர்ந்தது. கோளாறை நம்பராகக் காட்டும் சின்ன ஸ்கேனர் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டாள். மாடி வீட்டு பஞ்சாபி அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “பெண்டாட்டி வண்டிக்கு அடியில, நீங்க டீயோட பால்கனியில. அச்சா ஹை, ஜி!” என்பாள். நான் அசடு வழிவேன்.

இந்த ஏப்ரலில் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. சூடு ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பத்து நிமிஷம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். முதல் தடவை புசா ரோடு சிக்னலில். இரண்டாம் தடவை மாயாபுரியில். மூன்றாம் தடவைதான் என் மானத்தை வாங்கியது.

ஆர்.கே. புரத்தில் ஒரு கல்யாணம். பட்டு வேட்டி, சந்தனக் கலர் சட்டை, விபூதி என்று நான் வண்டியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். தௌலா குவான் மேம்பாலத்தின் உச்சியில் வண்டி அப்படியே அடங்கியது. மே மாத வெயில். பின்னால் பஸ்காரன் விட்ட ஹாரன் என் எலும்புக்குள் இறங்கியது. “ஏங்க, எறங்கித் தள்ளுங்க. ஜல்தி!” என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த இந்திராணி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். போகிற வருகிறவனெல்லாம் “அங்கிள்ஜி, ஜோர் லகாவ்!” என்று உற்சாகப்படுத்திக்கொண்டு போனான். ஒரு பயல் வீடியோ கூட எடுத்தான்.

கல்யாண மண்டபத்துக்குப் போனபோது என் சட்டை பிழியும்படி இருந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் மோதி பாக் குவார்ட்டர்ஸ் வைத்தி உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம். பையன் கார் ஓட்டிப் பழக ஒரு பழைய வண்டி தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை.

“ஏன் தேடுறீங்க? எங்க வண்டிய எடுத்துக்குங்க. அடிக்கடி நின்னு மானத்த வாங்குது, தொலச்சுத் தல முழுகப் போறேன். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க, சாவியக் கையில குடுத்துருறேன்.”

“நிஜமாவா சொல்றேள்? நின்னாப் பரவால்ல, என் மச்சினன் கராஜ்ல இருக்கான், பாத்துப்பான். வாக்கு மாறப்படாது!” என்றார் வைத்தி.

“நான் சொன்னா சொன்னதுதான்” என்று சாம்பாரைப் பிசைந்தேன். எதிர் வரிசையில் இந்திராணி பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். நாரைனா தாண்டியது. நானே ஆரம்பித்தேன். “மெட்ரோ இருக்கு, பஸ் இருக்கு. எதுக்கு இந்த ஓட்ட வண்டி? ரெண்டு வருஷம் போனா பதினஞ்சு வயசு முடிஞ்சுரும், டெல்லி சட்டப்படி எப்படியும் ஸ்க்ராப்புதான்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டா மட்டும்?”

“இந்த வண்டி போயிருச்சுன்னா நான் பழையபடி ஒங்களக் கேட்டுத்தான் எங்கயும் போகணும். ‘ஏங்க, கூட்டிட்டுப் போறீங்களா’ன்னு நிக்கணும். நீங்க ஆடி அசைஞ்சு கெளம்பி, வழியெல்லாம் கத்திக்கிட்டே வருவீங்க. முப்பத்தெட்டு வயசு வரைக்கும் அப்பிடித்தான் இருந்தேன். மறுபடி என்னால முடியாதுங்க.” அவள் குரல் உயரவே இல்லை. நான் கத்தினால் அது காற்றோடு போய்விடும். அவள் மெல்லப் பேசினால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்றே.

“வைத்தி வர்றதுக்குள்ள என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுட்டா?” என்று கேட்டாள்.

“கண்டுபிடிச்சுட்டா வண்டி ஒனக்கு. இல்லேன்னா வைத்திக்கு.”

“பத்து நாளு இருக்கு” என்றாள்.

மறுநாள் கராஜில் காட்டினோம். கராஜ்காரன் பானெட்டுக்குள் தலையை விட்டு, எடுத்து, “கம்ப்யூட்டர் போயிருக்கும். பதல் கே தேக் லேதே ஹைன்” என்றான். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்துவிடலாமாம். இந்திராணிக்கு வந்ததே கோபம். “மாத்திப் பாக்கலாம்னா என்னா அர்த்தம்? வயித்து வலின்னு போனா மொதல்ல கொடல மாத்திப் பாக்கலாம்பானா இவன்?” என்று தமிழில் என்னிடம் பொரிந்துவிட்டு, ஹிந்தியில் அவனுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னாள்.

அவள் ஸ்கேனர் எந்த நம்பரும் காட்டவில்லை, எல்லாம் சரி என்றது. அப்போதுதான் அவள் எனக்கு விளக்கினாள். இன்ஜின் சுற்றுவதை இரண்டு சென்சார்கள் ஓயாமல் கவனித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றனவாம். ஒன்று கீழே பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் தண்டின் பக்கம், ஒன்று மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் பக்கம். இரண்டில் ஒன்று வாயை மூடினாலும் வண்டி நின்றுவிடலாம். நிற்கிற நொடியில் முதலில் வாயை மூடியது எது என்று தெரிய வேண்டும். “அத நம்பரா காட்டுனா பத்தாதுங்க. ஒயர்ல போற கரண்டக் கோடாப் போட்டுக் காட்டணும். அதுக்கு ஆசிலோஸ்கோப்பு வேணும், ஒரு கோட்டுக்கு ஒரு சேனல்.”

“கடசீல கராஜே வச்சுரலாம்” என்றேன். அவள் போனை எடுத்தாள்.

அடுத்த கூத்து வாட்ஸ்அப்பில் நடந்தது. மேற்கு டெல்லித் தமிழர்கள் குழு ஒன்று உண்டு. அதில் இந்திராணி இப்படிப் போட்டாள்: ‘வீட்டில் வைத்துக்கொள்ள நல்ல ஸ்கோப் எது? முதல் தடவை. இரண்டு சேனல் போதுமா, நாலு வேண்டுமா?’

நம் ஜனங்களுக்கு ஸ்கோப் என்றால் ஒரே அர்த்தம்தானே. ஐந்து நிமிஷத்தில் முப்பது பதில். ‘டேட்டா சயின்ஸுக்குத்தான் மேடம் இப்ப ஸ்கோப்.’ ‘பொண்ணுக்கா? பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லுங்க, எப்பவும் ஸ்கோப் உண்டு.’ ‘வீட்டிலேயே இருந்துகொண்டா? டியூஷனுக்கு நல்ல ஸ்கோப்.’ சேனலைப் பிடித்துக்கொண்ட ஒருவர், நாலு சேனலுக்கு யாராவது ஆசைப்படுவார்களா, தமிழ் பேக்கில் நாற்பது வருகிறது என்று டிஷ்காரன் நம்பரையே அனுப்பிவிட்டார். ராஜலக்ஷ்மி மாமி மட்டும், ‘வீட்டோட இருந்தால் நமக்கெல்லாம் ஏதுடீ ஸ்கோப்’ என்று ஒரு பெருமூச்சு படம் போட்டிருந்தாள். இந்திராணி அன்று சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அந்தக் கல்யாணப் பந்திக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் உயிர் வந்தது.

சனிக்கிழமை செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனோம். மெட்ரோவில்தான். சந்துக்குள் சந்து. ஒயர், பல்பு, சர்க்யூட் போர்டு என்று தலைக்கு மேல் தொங்கியது. ஒரு கடையில் வயதான சர்தார்ஜி எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். வழக்கம் போல் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று.

மெகாஹெர்ட்ஸ் என்றால் என்ன என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனாலும் முப்பது வருஷ சர்வீஸ் சும்மா விடுமா? “இருக்கிறதிலேயே பெரிசு காட்டுங்க” என்றேன். இருநூறு மெகாஹெர்ட்ஸில் ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு சேனல், கலர் திரை, வரிசையாகக் குமிழ்கள். பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. “இதையே எடு இந்திரா. வாங்குறதே வாங்குறோம், பெரிசா வாங்குவோம்!”

அவள் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். “தௌலா குவான் மேம்பாலத்துல பிளக் பாயிண்டு எங்கங்க இருக்கு?” என்று கேட்டாள். நான் டீயைக் குடித்தேன்.

அடுத்து கைக்கு அடக்கமாக, பேட்டரியில் ஓடும் ஒன்றைக் காட்டினார். எனக்கு அதுவும் பிடித்தது, அதில் டார்ச் கூட இருந்தது. அப்போது இந்திராணி சர்தார்ஜியிடம் ஒரு கேள்வி கேட்டாள். “சர்தார்ஜி, யே கித்னி தேர் தக் லிக்தா ஹை?” இது எவ்வளவு நேரம் எழுதும்?

சர்தார்ஜிக்குப் புரியவில்லை. நாற்பது வருஷக் கடையில் ஒருவரும் அவரிடம் ஸ்கோப் எழுதுமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் கைப்பையிலிருந்து ஸ்டெனோ நோட்டை எடுத்து, பென்சிலால் விறுவிறுவென்று ஒரு பக்கம் கிறுக்கிக் காட்டினாள். பிறகு சொன்னாள். வேகமாக எழுத எனக்கும் தெரியும். ஆனால் நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றால் என் வேகத்தை வைத்து என்ன செய்ய? டிக்டேஷன் முடிகிறவரை பக்கம் வேண்டாமா? பக்கத்தை மிச்சம் பிடிக்க இடையிடையே எழுத்தை விட்டுவிட்டு எழுதினால் அப்புறம் அதை யார் படிப்பது? என் வண்டி எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நிற்கலாம். அந்த ஒரு மணி நேரத்தையும் ஓர் எழுத்து விடாமல் எழுதுகிறது எது?

சர்தார்ஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். பெரிய பெட்டியையும் டார்ச் வைத்த பெட்டியையும் அவரே ஓரமாகத் தள்ளி வைத்தார். இரண்டுமே ஒன்று கண் சிமிட்டும் நேரத்தை நுணுக்கமாக எழுதுமாம், இல்லாவிட்டால் நீளமாக எழுதி நடுவில் விட்டுவிடுமாம். பிறகு ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தார். திரை இல்லை, குமிழ் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு சேனல். வெறும் இருபது மெகாஹெர்ட்ஸ். லேப்டாப்பில் செருகினால், லேப்டாப்பில் இடம் இருக்கிறவரை எழுதிக்கொண்டே போகும். கார் சென்சாருக்கு இந்த வேகமே தாராளம் என்றார்.

“இருபதுதானா?” என்று நான் அங்கலாய்த்தேன். இருநூறைப் பார்த்த கண்ணால் இருபதைப் பார்க்க முடியவில்லை.

“ஆபீசர் பேசுறது நூறு வார்த்த. அதுக்கு ஆயிரம் வார்த்த எழுதுற ஸ்டெனோ எதுக்குங்க?” என்றாள். கொக்கி வைத்த ஒயர்கள், கூடவே இன்ஜெக்டர், இக்னிஷன் பக்கம் போனால் வோல்டேஜ் எகிறி டப்பா எரிந்துவிடாமல் காப்பாற்றும் ஒரு சின்ன அட்டென்யுவேட்டர், எல்லாவற்றையும் அவளே கேட்டு வாங்கினாள். சர்தார்ஜி வாசல் வரை வந்து அவளிடம் மட்டும் சொன்னார், கோளாறு கிடைத்ததும் போன் பண்ணுங்கள் என்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. டப்பா வந்ததும் வண்டிக்கு வியாதி போய்விட்டது! கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயர்களில் மெல்லிய ஊசி செருகி, பானெட் இடுக்கு வழியாக ஒயரை ஜன்னலுக்குள் இழுத்து, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் சுற்றினாள். திங்கள் ஓடியது. செவ்வாய் ஓடியது. புதன், வியாழன் ஓஹோ என்று ஓடியது. நிற்கவே இல்லை. இத்தனைக்கும் ஊசி செருகாமல் பால் வாங்கப் போன ஒரே ஒரு நாள், திரும்பி வந்து வாசலிலேயே நின்றது. சனியன் பிடித்த வண்டி, வேண்டுமென்றே செய்கிறது என்று நான் டயரை ஓர் உதை விட்டேன். என் கால் விரல்தான் வீங்கியது.

வெள்ளிக்கிழமை அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். “வைத்தி சாருக்கு ஆர்.சி. புக்க எடுத்து வச்சுருங்க” என்றாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லையே என்று இருந்தது. மறுநாள் காலை ஆபீஸ் லீவு. குளித்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் பக்கத்துக் கோயில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ‘அப்பனே, எத்தனையோ பேர் வண்டி நல்லா ஓடணும்னு வேண்டிக்குவாங்க. எனக்கு இன்னைக்கு வண்டி நிக்கணும். அதுவும் நல்ல டிராஃபிக்கா பாத்து நிறுத்து.’ பிள்ளையார் என்ன நினைத்தாரோ தெரியாது.

வந்து அவளை எழுப்பினேன். “கெளம்பு. நான் ஓட்டுறேன். நீ கோட்டப் பாரு. மத்தியான வெயில்லதான் போகணும், ஏசியப் போட்டு இன்ஜின வாட்டி எடுப்போம்.” அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் எழுந்து ஊசியைச் செருகினாள்.

நாற்பத்து மூன்று டிகிரி. ரிங் ரோட்டில் ராஜா கார்டன் பக்கம் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. திரையில் இரண்டு கோடு ஓடிக்கொண்டிருந்தது. மேலே கிராங்க் சென்சாரின் அலை, கீழே கேம் சென்சாரின் அலை. கிராங்க் அலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடத்தில் சின்ன இடைவெளி விழுந்தது. கோளாறோ என்று பதறினேன். “அது இல்லைங்க, ஒரு பல்லுக்கு ஒரு அலை, கிராங்க் சக்கரத்துல அந்த எடத்துல பல்லு கெடையாது. ஆபீசர் மூச்சு விடுற எடம்” என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அடங்கியது.

“நின்னுருச்சு! ஏங்க, நின்னுருச்சுங்க!” இந்திராணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு “பிள்ளையாரப்பா!” என்று கத்தினேன். பின்னால் ஹாரன் கிழித்தது. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து ஜன்னலைத் தட்டினார். நடு ரோட்டில் வண்டி நின்றதற்கு ஆனந்தமாகச் சிரிக்கும் தம்பதியை அவர் பார்த்ததில்லை போல. “தபியத் டீக் ஹை?” என்று உடம்புக்கு ஒன்றுமில்லையே என விசாரித்துவிட்டு, அவரே ஓரம் தள்ளிவிட்டார்.

வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் அவள் பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். கேம் அலை கடைசி வரை அழகாக வந்துகொண்டிருந்தது. கிராங்க் அலைதான் முழு உயரத்தில் இருந்தபடியே பட்டென்று தட்டையானது, நாலு பல் திரும்ப வந்தது, மறுபடி தட்டை. அவள் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“சென்சாரு சாகுறதா இருந்தா அலை கொஞ்சங்கொஞ்சமா தேயணுங்க. இது கத்தரிக்கோலால வெட்டுன மாதிரி இருக்கு. வெட்டி, ஒட்டி, வெட்டுது. எனக்கென்னமோ சென்சாரு நல்லாத்தான் இருக்கு. ஒயரு எங்கயோ படுது.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தாள். ஒயர் போகிற வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனாள். சைலன்சர் குழாய் ஆரம்பிக்கிற சூடான இடத்துக்குப் பக்கத்தில் ஒயர் தொய்ந்து விழுந்து, மேல் தோல் உருகி, செம்பு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் பாதி உடைந்திருந்தது. உடைந்த பாதியில் ஏதோ கரிந்து தொங்கியது. அதை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

பூக்கட்டுகிற நூல். பாதி கருகிப்போன முடிச்சு. முடிச்சுக்குப் பக்கத்தில், ஒயர் சென்சாரில் செருகுகிற பிளக் மேல் காய்ந்துபோன சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

போன ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்தது நான். அவள் அன்று அலுவலகத்தில் மாட்டிக்கொண்டாள். இன்ஜினைப் பளபளவென்று ஆக்குகிறேன் என்று பிரஷ்ஷை விட்டுத் தேய்த்ததில் ஏதோ கிளிப் டக்கென்று உடைந்தது. யார் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது? மாலை கட்டி மிச்சமிருந்த நூலை எடுத்து, ஒயரை இறுக்கிக் கட்டி, மேலே சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி மறந்தே போனேன். நூலும் பாவம் குளிர்காலம் பூராவும் தாங்கியிருக்கிறது. வெயிலும் சூடும் ஏறியதும் கருகி விட்டுவிட்டது.

“இத யாருங்க கட்டுனது?” என்றாள்.

“கராஜ்காரனா இருக்கும்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“கராஜ்காரன் சந்தனம் வைப்பானா?”

“பக்தி உள்ளவனா இருப்பான்.”

நூலைக் கீழே போட்டாள். ஒயரை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, உறை போட்டு, சூடு படாத உயரத்தில் புதுக் கிளிப் மாட்டினாள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம். இரண்டு அலையும் ஓர் எழுத்துக் கூடத் தவறாமல் வந்தன. சர்தார்ஜிக்குப் போன் போட்டு அவள் சொன்னபோது அவர் போட்ட ‘வாஹ்!’ எனக்கே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் வைத்தி வந்துவிட்டார், கையில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக. இந்திராணி வேப்பமரத்தடியில் டூல் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். “நீங்க குடுத்த வாக்கு. நீங்களே சொல்லிக்குங்க” என்றாள்.

“வைத்தி சார், வண்டி... சரியாகிருச்சு” என்றேன்.

“ஆயிடுத்தா? பேஷ் பேஷ்! அப்ப மச்சினனுக்கும் வேலை மிச்சம்” என்று வைத்தி மாலையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நின்று போகிற வண்டியையே எடுத்துக்கொள்ளத் துணிந்தவருக்கு ஓடுகிற வண்டி கசக்குமா?

“இல்ல சார், குடுக்குறதா இல்ல. வாக்கு மாறிட்டேன், மன்னிச்சுக்குங்க.”

வைத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்ன சார் இது? பந்தியில அத்தனை பேர் முன்னாடி, நின்னு நின்னு மானத்த வாங்கறது, தொலைச்சுத் தலை முழுகப் போறேன்னு சொன்னேளே. அப்படி என்னதான் கோளாறு இருந்துது அதுல?”

ஒயர் என்று சொல்லியிருக்கலாம். கிளிப் என்று சொல்லியிருக்கலாம். பக்தியுள்ள கராஜ்காரன் வேறு கைவசம் இருந்தான். ஸ்பானர் அடுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான்தான் சார்” என்றேன். “அதுல இருந்த கோளாறு நான்தான். கிளிப்ப ஒடச்சது நான், நூலக் கட்டி மறச்சது நான், அப்புறம் வண்டி சரியில்ல வண்டி சரியில்லன்னு கத்தி ஊரக் கூட்டுனதும் நான். அவ வண்டிய அவளக் கேக்காம ஒங்களுக்குக் குடுத்ததும் நான்தான்.”

வைத்தி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பிரித்த மாலையை என் கழுத்தில் போட்டார். “மாலைய வீணாக்கப்படாது. வாக்குன்னா வாக்கு. வண்டி இல்லேன்னா போறது, கோளாறையாவது நான் எடுத்துண்டு போறேன். என்ன மாமி, சம்மதமா?”

இந்திராணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“தாராளமா கூட்டிட்டுப் போங்க சார். சூடு ஏறுனா கத்தும், ஆறுனா தானா சரியாகிரும். நடுவழியில நின்னுட்டா மட்டும் வேற யாரும் கையவக்க விட்ராதீங்க. எனக்குப் போன் போடுங்க, நான் என் வண்டிய எடுத்துக்கிட்டு வந்துர்றேன்.”